பிரித்தெடுத்தால் தூய்மையாகுமா?

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்து என் கையைப் பற்றிக் கொண்டார். நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர். துணியை ஓர் அங்குலம் குறைத்து அளந்தார் என்று எவரும் அவரைச் சொன்னதில்லை.

"வாத்தியாரே, நீங்கள் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். என் மகன் ஹஜ்ஜுக்குப் போகச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறான். ஆறு மாதமாக அது பாங்கிலேயே கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை" என்றார்.

ஏன் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"அவன் வேலை சாராயத்தோடு அல்லவா?"

அந்த இளைஞரை நான் அறிவேன். என்னிடம் படித்தவர். வட மாநிலத்தில் ஒரு தனியார் ஆலையில், ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிரிக்கும் பாலிமர் சவ்வுகளைத் தயாரிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். "வாப்பா, நான் ஆல்கஹாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வேலை பார்க்கிறேன்" என்று ஒருநாள் தொலைபேசியில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். அதைத் தந்தை தேநீர்க்கடையில் சொல்ல, அங்கிருந்த ஒருவர், "அப்படியென்றால் தண்ணீர் கலக்காத சரக்குத் தயாரிக்கிறான் என்று சொல்லுங்கள்" என்று கேலி பேசிவிட்டார். அன்று முதல் பெரியவருக்குத் தூக்கமில்லை.

ஹராமை உண்டு, ஹராமைப் பருகி, ஹராமை உடுத்தி நிற்பவன் வானை நோக்கிக் கையேந்தினால் அவனுடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை அவர் சிறு வயதிலேயே கேட்டவர். அந்தக் கைகளாகத் தம் கைகள் ஆகிவிடுமோ என்பதே அவருடைய அச்சம். இந்த அச்சத்தைக் கேலி செய்பவர் ஈமானின் சுவையை அறியாதவர் என்பேன். ஆனால் அச்சம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அஞ்சுகின்ற பொருள் இன்னதென்று தெரியாமல் அஞ்சுவது பேணுதல் ஆகாது. அது மனத்தை அலைக்கழிக்கும் வஸ்வாஸாகவும் முடியலாம்.

ஆகவே அந்த ஆலையில் நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். பின்பு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நான் ஃபத்வா வழங்கும் தகுதி உடையவன் அல்லன். ஆலிம் பெருமக்கள் சொல்லியிருப்பவற்றை எடுத்து வைத்து, ஒரு முஸ்லிம் எப்படிச் சிந்திக்கலாம் என்று சொல்வதே என் நோக்கம்.

நெருப்பு நின்றுவிடும் இடம்

தண்ணீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. எத்தனால் என்னும் ஆல்கஹால் 78.3 பாகையில் கொதிக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் சூடேற்றிப் பிரித்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். முதலில் அப்படித்தான் நடக்கிறது. காய்ச்சி வடிக்க வடிக்க, ஆவியில் ஆல்கஹாலின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் எடைக் கணக்கில் நூற்றுக்கு 95.6 பங்கு ஆல்கஹால் என்ற நிலை வந்ததும் அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. அந்தக் கலவை சுமார் 78.2 பாகையில், தூய ஆல்கஹாலைவிடவும் சற்று முன்னதாகவே, கொதித்துவிடுகிறது. கிளம்பும் ஆவியிலும் அதே 95.6 பங்குதான் இருக்கும். சாதாரண அழுத்தத்தில் எத்தனை முறை காய்ச்சினாலும் எஞ்சியுள்ள 4.4 பங்கு நீர் விட்டுப் பிரியாது. இப்படிப்பட்ட கலவையை விஞ்ஞானிகள் அசியோட்ரோப் என்பர்.

அந்த மிச்ச நீரை ஏன் அகற்ற வேண்டும்? மருந்துத் தயாரிப்பிலும் சாயத் தயாரிப்பிலும் நீர் பட்டால் கெட்டுப்போகும் வேலைகள் பல உண்டு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் நீர் மிகுந்தால் பெட்ரோலும் எத்தனாலும் தனித்தனி அடுக்காகப் பிரிந்துவிடும். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவையும், 2025-இல் இருபது என்ற அளவையும் எட்டியது. வண்டிக்குப் பெட்ரோல் போடுகின்ற நம்மில் ஒவ்வொருவரும் அந்த எத்தனாலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைச் சொன்னபோது பெரியவர் சற்றுத் திகைத்துப் போனார். அவரும் ஒரு மொபெட் வைத்திருக்கிறார்.

1902-ஆம் ஆண்டு சிட்னி யங் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், அந்தக் கலவையில் பென்சீன் என்னும் மூன்றாவது திரவத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் நீர் பிரியும் என்று காட்டினார். நெடுங்காலம் அந்த முறையே வழங்கியது. ஆனால் பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு. ஆலைத் தொழிலாளி அதைச் சுவாசித்துத்தான் உலகுக்கு நீரற்ற ஆல்கஹால் கிடைத்தது. பின்னர் பென்சீனுக்குப் பதிலாக வேறு திரவங்கள் வந்தன. நீரை உறிஞ்சிக்கொள்ளும் நுண்துளை மணிகள் வந்தன. அவற்றோடு வந்ததுதான் சவ்வு.

சவ்வு செய்யும் வேலை

1917-இல் அமெரிக்காவில் பிலிப் கோபர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு செய்தி கவனத்துக்கு வந்தது. கொலோடியன் என்னும் மெல்லிய பொருளால் ஆன பையில் திரவத்தை ஊற்றி, வாயை இறுகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டியது கட்டியபடியே இருக்க, உள்ளே திரவம் குறைந்துகொண்டே வந்தது. உதவியாளர் இதைக் கண்டு அவரிடம் சொன்னார். திரவம் பையின் சுவருக்குள் ஊறி, மறுபுறம் ஆவியாக வெளியேறியிருந்தது. கோபர் இதற்குப் பெர்வாப்பரேஷன் என்று பெயரிட்டார். சவ்வை ஊடுருவி ஆவியாதல் என்று நாம் சொல்லலாம்.

அது ஆலைக்குள் நுழைய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1980-களில் மேற்கு ஜெர்மனியில் ஜி.எஃப்.டி. என்ற நிறுவனம் இதற்கேற்ற கூட்டுச் சவ்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் பிரான்ஸில் பெத்தனிவில் என்னும் ஊரில், பீட்ரூட் சர்க்கரை ஆலையை ஒட்டி, நாளொன்றுக்குச் சுமார் 1,50,000 லிட்டர் எத்தனாலை உலர்த்தும் நிலையம் இச்சவ்வுகளால் நிறுவப்பட்டது.

கூட்டுச் சவ்வு என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மூன்று அடுக்கு. அடியில் பாலியெஸ்டர் துணி, அது தாங்குவதற்கு. நடுவில் நுண்துளைகள் நிறைந்த பாலி அக்ரிலோ நைட்ரைல். அது நீராவிக்கு வழிவிட. மேலே, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள பாலிவினைல் ஆல்கஹால் பூச்சு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இந்தப் பூச்சுதான் வேலை செய்கிறது. மற்ற இரண்டும் அதைக் கிழியாமல் தாங்குகின்றன.

இதை மாவு சலிக்கும் சல்லடை என்று எண்ணிவிடக் கூடாது. நீரின் மூலக்கூறு எத்தனாலின் மூலக்கூறைவிடச் சிறியது என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமன்று. மேல் பூச்சுக்கு நீரின்மேல் ஈர்ப்பு அதிகம். கலவை வந்து தொட்டதும் நீரைத் தனக்குள் இழுத்துக் கொள்கிறது. மறுபுறத்தில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்கியிருப்பதால், உள்ளே வந்த நீர் அங்கே ஆவியாகிப் போய்விடுகிறது. ஆல்கஹாலில் பெரும்பகுதி வந்த வழியே நின்றுவிடுகிறது. முழுக் கலவையையும் காய்ச்ச வேண்டியதில்லை. வெளியேறும் அந்தச் சிறு பங்கு நீர் ஆவியாவதற்கான வெப்பம் போதும். நஞ்சான மூன்றாம் திரவமும் வேண்டியதில்லை.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. நீரை மிகவும் விரும்பும் சவ்வு, நீரைக் குடித்துக் குடித்து ஊறிப் பெருத்துவிடும். பெருத்ததும் அதன் கட்டு தளர்ந்து ஆல்கஹாலையும் கூடவே விட்டுவிடும். குறுக்குப் பிணைப்புகளால் இறுக்கினால் ஆல்கஹாலைத் தடுக்கும். ஆனால் நீரையும் மெதுவாகவே விடும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நிலையைத் தேடுவதுதான் இத்துறையில் உழைப்போரின் அன்றாடப் பாடு. சிலிக்கா, சியோலைட் போன்ற நுண்துகள்களைக் கலந்து பார்ப்பதும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைச் சேர்த்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். நம் பெரியவரின் மகன் செய்வதும் இதுவே. அவர் மது காய்ச்சவில்லை. மருந்து ஆலைகள் ஒருமுறை பயன்படுத்திய கரைப்பான்களை எறியாமல் உலர்த்தி மீண்டும் பயன்படுத்த, அவர் செய்யும் சவ்வு உதவுகிறது.

இவ்வளவையும் விளக்கியபோது பெரியவர் கேட்டார்: "சரி வாத்தியாரே. ஆனால் அந்தச் சவ்வின் பெயரிலேயே ஆல்கஹால் என்று வருகிறதே?"

பெயரால் ஹுக்மு மாறுமா?

நல்ல கேள்வி. பாலிவினைல் ஆல்கஹால் என்பது ஒரு பிளாஸ்டிக். பசையிலும் நூலுக்கு இடும் கஞ்சியிலும் அது சேர்கிறது. நாற்பது ஆண்டுகள் ஜவுளி விற்றவர் அதைத் தொட்டறியாமல் இருந்திருக்க முடியாது. அதன் அமைப்பில் உள்ள ஓர் இணைப்பைக் குறிக்கவே இரசாயன நூலார் அந்தப் பெயரைச் சூட்டினர். போதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆல்கஹால் என்ற சொல்லின் கதையே விந்தையானது. அது அல்குஹ்ல் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கண்ணுக்கு இடும் சுர்மாவுக்கு அரபியில் அதுவே பெயர். நுண்ணிய பொடியைக் குறித்த சொல் ஐரோப்பியர் கைக்குப் போய், எந்தப் பொருளிலிருந்தும் எடுத்த சாரத்தைக் குறிப்பதாக மாறி, இறுதியில் மதுவின் சாரத்துக்கே பெயராக நின்றுவிட்டது. சுர்மாவின் பெயர் மதுவுக்குப் போனதால் சுர்மா ஹராமாகிவிட்டதா? இல்லை. மதுவுக்குச் சுர்மாவின் பெயர் வந்ததால் மது ஹலாலாகிவிட்டதா? அதுவும் இல்லை.

பிற்காலத்தில் என் உம்மத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்கள். பெயரை மாற்றி ஹராமை ஹலாலாக்க முடியாது என்பது அதன் பாடம். பெயரைப் பார்த்து மிரண்டு ஹலாலை ஹராமாக்குவதும் முறையன்று என்பதும் அதே பாடத்தின் மறுபக்கம். ஹுக்மு பொருளைப் பார்த்து வருவது. ஏட்டைப் பார்த்து வருவதன்று.

மாறுவது வேறு, பிரிவது வேறு

பெயர் போகட்டும். எத்தனால் எத்தனால்தானே? மதுவில் மயக்கம் தருவதும் அதுதானே? அதைக் கையாளுவது எப்படித் தகும்?

இதற்கு விடை தேடும்போது நம் ஃபிக்ஹு நூல்களில் இரு பழைய மஸ்அலாக்கள் துணைக்கு வருகின்றன.

முதலாவது, காடி. மது தானாகவே புளித்துக் காடியாகிவிட்டால் அது தூய்மையானது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மனிதன் அதில் ஏதேனும் பொருளைப் போட்டுக் காடியாக்கினால்? ஹனஃபி மத்ஹபில் அதுவும் தூய்மையே. ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையன்று. மதுவைக் காடியாக்கிக் கொள்ளலாமா என்று கேட்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி ஷாஃபிஈ அறிஞர்களின் ஆதாரங்களுள் ஒன்று. எப்படியாயினும், காடியில் நடப்பது மாற்றம். ஆல்கஹால் அங்கே அமிலமாகவே மாறிவிடுகிறது. பழைய பொருள் இல்லை. புதிய பொருள் பிறந்துவிட்டது. இதையே இஸ்திஹாலா என்பர்.

இரண்டாவது, நெய்யில் விழுந்த எலி. நெய் உறைந்திருந்தால் எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். உருகிய நெய்யானால் அதை நெருங்கக் கூடாது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. உறைந்ததில் அசுத்தம் ஓரிடத்தில் நிற்கும், பிரித்துவிடலாம். திரவத்தில் அது எங்கும் பரவிவிடும், பிரிக்க இயலாது.

சவ்வு செய்வது காடி வகையன்று. உள்ளே சென்ற ஆல்கஹால் ஆல்கஹாலாகவே வெளியே வருகிறது. நீர் நீராகவே வருகிறது. இங்கே மாற்றம் இல்லை, பிரிவு மட்டுமே. ஆகவே சவ்வுக்குள் சென்று வந்ததால் மட்டும் ஒரு பொருள் ஹலாலாகிவிட்டது என்று சொல்ல இடமில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். உருகிய நெய்யில் பிரிக்க முடியாது என்றது அக்கால நிலை. இன்று திரவத்திலும் பிரிக்கிறோமே என்று கேட்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாக்கடை நீரை நவீன முறையில் சுத்திகரித்து, அதன் நிறமும் சுவையும் மணமும் நீங்கிப் பழைய தன்மை திரும்பிவிட்டால் அது தூய நீரே என்று 1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமா சபையும், 1989-இல் மக்காவின் ராபித்தா ஃபிக்ஹு சபையும் முடிவு செய்துள்ளன. திரவத்திலிருந்து அசுத்தத்தைப் பிரிப்பதற்கு ஷரீஅத் மதிப்பளிக்கிறது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்துவிட்டால் அதையும் குடிக்கலாமா? இது கற்பனைக் கேள்வியன்று. வேறொரு வகைச் சவ்வைக் கொண்டு அப்படிப்பட்ட பானம் தயாராகிக் கடைகளில் விற்கிறது. முதலில் முறைப்படி பீர் காய்ச்சுகிறார்கள். பிறகு சவ்வின் வழியே நீரையும் ஆல்கஹாலையும் வெளியேற்றி, நல்ல நீரைச் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நிறமும் மணமும் நுரையும் அப்படியே நிற்கும். ஆல்கஹால் நூற்றுக்கு அரைப் பங்கோ அதற்கும் குறைவோ எஞ்சும்.

சாக்கடை நீருக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நீர் படைப்பிலேயே தூய்மையானது. அசுத்தம் அதற்கு வெளியிலிருந்து வந்தது. அதை நீக்கினால் நீர் தன் இயல்புக்குத் திரும்புகிறது. பீரோ மயக்கத்துக்காகவே உருவாக்கப்பட்டது. அதில் ஆல்கஹால் வெளியிலிருந்து வந்து விழுந்த எலியன்று. 2011-இல் மலேசிய ஃபத்வா சபை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மது தயாரிக்கும் எண்ணமின்றித் தயாரான பானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான ஆல்கஹால் இருந்தால் அருந்தலாம். மது தயாரிக்கும் எண்ணத்தோடும் முறையோடும் உருவானதில் பின்னர் ஆல்கஹால் நீக்கப்பட்டிருந்தாலும் அருந்தக் கூடாது என்பது அதன் முடிவு. பழுத்த பழத்திலும் புளித்த மாவிலும் துளி ஆல்கஹால் இருக்கவே செய்கிறது. அதை எவரும் ஹராம் என்பதில்லை. ஆகவே அங்கே அளவோடு எண்ணமும் வழியும் சேர்த்துப் பார்க்கப்பட்டன.

பீர் ஆவதற்கு முன் அந்தத் தானியச் சாறு ஹலாலாகத்தானே இருந்தது, ஆல்கஹாலை நீக்கினால் மீண்டும் அந்த நிலைக்கே வருகிறதே என்று வாதிப்போரும் உண்டு. வாதம் கூர்மையானதே. ஆனால் அந்தச் சாற்றைத் தேடி எவரும் கடைக்குப் போவதில்லை. பீரின் சுவையை, பீரின் சூழலைத் தேடித்தான் போகிறார்கள். பாவத்தின் உடலை விட்டுவிட்டு அதன் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வது ஒரு முஃமினுக்கு என்ன தேவை? ஐயமானதை விட்டு ஐயமற்றதை நாடச் சொன்ன நபிமொழி இங்கே நமக்குப் போதும்.

கையாளும் கை

இனி எத்தனாலைக் கையாளும் தொழிலுக்கு வருவோம். அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தில், மதுவில் பெரும் பாவமும் மனிதர்களுக்குச் சில பயன்களும் இருப்பதாகவும், பாவம் பயனைவிடப் பெரிது என்றும் அல்லாஹ் உணர்த்துகிறான். பின்னர் அல்மாயிதாவின் 90-ஆம் வசனத்தில் மது முற்றிலும் விலக்கப்பட்டது. மதுவில் பயனே இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அந்தப் பொருளின் பயன் குடியைவிட்டு முற்றிலும் விலகி, எரிபொருளாகவும் மருந்துக் கரைப்பானாகவும் கிருமிநாசினியாகவும் நிற்கிறது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, நூற்றுக்கு எண்பது பங்கு எத்தனால் கொண்ட கைத்தைலத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் குறிப்புப்படி தயாரித்தார்கள். நம் பள்ளிவாசல் வாசல்களிலும் ஆல்கஹால் தைலம் வைத்திருந்தோம். ஆல்கஹாலைக் கிருமிநாசினியாக மேலுக்குப் பயன்படுத்துவதை மக்காவின் ஃபிக்ஹு சபை 2002-லேயே அனுமதித்திருந்தது.

ஆல்கஹால் நஜீஸா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையான தீர்ப்பில் மயக்கம் தரும் திரவம் நஜீஸ். இமாம் ஷாஃபிஈயின் மாணவரான இமாம் முஸனீ போன்ற சிலர், குடிப்பது ஹராம், ஆனால் அதன் பொருள் நஜீஸன்று என்றனர். மது ஆலையிலிருந்து வராத ஆல்கஹால் நஜீஸன்று என்று இந்தோனேசிய உலமா சபை 2009-இல் முடிவு செய்தது. அங்கும் மக்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஷாஃபிஈகளே. நஜீஸ் என்ற கருத்தையே ஒருவர் பின்பற்றினாலும், வேலை முடிந்ததும் கையையும் உடையையும் கழுவிக்கொண்டு தொழ அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் பெரியவரின் கேள்வி கழுவுவதைப் பற்றியதன்று. மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர் என்று மதுவின் தொடர்பால் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. அந்தப் பட்டியலில் தம் மகன் சேர்கிறானா என்பதே அவர் கேட்டது.

இதற்கு ஹனஃபி நூலான ஹிதாயாவில் ஒரு நுட்பமான அளவுகோல் இருக்கிறது. திராட்சைச் சாற்றை, அதைக் கொண்டு மது செய்வான் என்று தெரிந்தவனுக்கு விற்பதை இமாம் அபூஹனீஃபா குற்றமாகக் கருதவில்லை. ஏனெனில் பாவம் சாற்றில் ஒட்டியிருக்கவில்லை; அது மாறிய பிறகே வருகிறது. ஆனால் கலகக் காலத்தில் கலகக்காரனுக்கு ஆயுதம் விற்கக் கூடாது. ஏனெனில் அங்கே பாவம் அந்தப் பொருளைக் கொண்டே நடக்கிறது. ஷாஃபிஈ அறிஞர்கள் இதைவிடக் கண்டிப்பானவர்கள். வாங்குபவன் மது செய்வான் என்று உறுதியாகத் தெரிந்தால் சாற்றை விற்பதே கூடாது என்பர். வெறும் ஐயமானால் வெறுக்கத்தக்கது என்பர்.

இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு செய்தி தெளிவாகிறது. கேட்க வேண்டியது "இதில் ஆல்கஹால் இருக்கிறதா?" என்பதன்று. "இது எங்கே போகிறது? அது எனக்குத் தெரியுமா?" என்பதே. மருந்து ஆலைக்குப் போகும் சவ்வு ஹலாலான வேலைக்குப் போகிறது. தெரிந்தே மது ஆலைக்குச் சவ்வு செய்து கொடுப்பவரின் நிலை வேறு. ஒரே சவ்வு, ஒரே பாலிமர், ஒரே ஆல்கஹால். பிரிக்கும் கோடு திரவத்துக்குள் இல்லை. மனிதனின் அறிவிலும் எண்ணத்திலும் இருக்கிறது.

இரண்டு மாதச் சம்பளம்

நான் இவற்றையெல்லாம் சொன்ன பிறகு பெரியவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மகனிடமே கேளுங்கள். சவ்வு எங்கே போகிறது என்று அவருக்குத்தானே தெரியும்?"

அன்றிரவே தொலைபேசியில் பேசினார்கள். நானும் அருகிலிருந்தேன். மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வாப்பா, நான் செய்யும் சவ்வுகள் மருந்துக் கம்பெனிகளுக்குத்தான் போகின்றன. ஆனால் போன வருஷம் இரண்டு மாதம் வேறொரு பிரிவில் போட்டிருந்தார்கள். அந்தக் கருவி பீர் ஆலைக்கு என்று கடைசியில்தான் தெரிந்தது. தெரிந்ததும் என்னை மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றிவிட்டார்கள். அந்த வருஷம் ஊதிய உயர்வு வரவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்."

பெரியவரால் பேச முடியவில்லை. பேசியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னோம். அவர் சொன்ன வழி இது. தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை. தெரிந்ததும் விலகியது பேணுதல். ஆயினும் ஹஜ்ஜுக்குப் போகும் பணம் என்பதால் மனம் அமைதி பெற வேண்டுமானால், அந்த இரண்டு மாதச் சம்பளத்தின் அளவை எண்ணி ஒதுக்கி, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். ஹராம் கலந்த பணத்தில் இன்ன நோட்டுத்தான் அது என்று தேட வேண்டியதில்லை. அந்த அளவை வெளியேற்றினால் மீதி தூய்மையாகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் ஹலால் ஹராம் பாடத்தில் விளக்கியிருப்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

கம்பெனியின் மொத்த வருமானத்தில் பீர் ஆலையின் பணமும் கலந்திருக்குமே என்று பெரியவர் மீண்டும் கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் தம் போர்க்கவசத்தை அடகு வைத்து வாற்கோதுமை வாங்கிய செய்தியை ஹஜ்ரத் நினைவூட்டினார். பிறருடைய பெட்டியில் உள்ள ஒவ்வொரு காசின் வரலாற்றையும் தோண்டச் சொல்லி மார்க்கம் நமக்குக் கட்டளையிடவில்லை. நம் கை செய்த வேலையைப் பற்றியே நாம் கேட்கப்படுவோம்.

இரு கடல்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று மீறாதபடி ஒரு திரையை அல்லாஹ் வைத்திருப்பதாக அல்ஃபுர்கானிலும் அர்ரஹ்மானிலும் ஓதுகிறோம். சவ்வைக் காட்டி, இதைத்தான் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று மார்தட்ட நான் வரவில்லை. அந்த வசனங்கள் படைத்தவனின் வல்லமையைப் பற்றியவை. அவற்றை ஓதும்போது எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். கலந்து கிடக்கும் இந்த உலகில் நமக்குள்ளும் ஒரு திரை வேண்டியிருக்கிறது. அது முற்றிலும் தளர்ந்துவிட்டால் எல்லாம் உள்ளே வந்துவிடும். முற்றிலும் இறுகிவிட்டால் ஹலாலும் நுழைய முடியாமல் மனிதன் தன்னையும் பிறரையும் வதைப்பான். தேநீர்க்கடைக் கேலி அந்தத் திரையைக் கிழிக்கப் பார்த்தது. பெரியவரின் ஆறு மாத அச்சம் அதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டது. மகனின் விண்ணப்பக் கடிதம்தான் அதைச் சரியான இடத்தில் நிறுத்தியது.

நம் பிள்ளைகள் இன்று நாம் பெயர்கூட உச்சரிக்க இயலாத தொழில்களில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தைக் கேள்வியின்றி வாங்கிச் செலவழிக்கும் பெற்றோரும் உண்டு. கேட்காமலேயே சந்தேகித்து ஒதுக்கும் பெற்றோரும் உண்டு. இரண்டும் வேண்டாம். கேளுங்கள். அவர்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள முயலுங்கள். விளங்காததை அறிந்தவரிடம் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். தந்தை கேட்பார் என்ற நினைவு தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு ஒரு காவல்.

இரண்டு மாதச் சம்பளத் தொகை நம் ஊரில் இரு நோயாளிகளின் மருந்துச் செலவுக்குப் போயிற்று. மீதிப் பணத்தைப் பெரியவர் பாங்கிலிருந்து எடுத்து ஹஜ்ஜுக்கு மனுச் செய்திருக்கிறார். அவருடைய பயணத்தையும், அவர் மகனின் உழைப்பையும், நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் வல்ல அல்லாஹ் தூய்மையானதாக ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.